ஜாமீன் கையெழுத்தும் ஒரு துணைக் கேள்வியும்

வக்கீலம்மா,

இன்று மதியம் சட்ட அமைச்சர் மாநிலங்களவையில் எழுந்து நின்று பதில் சொன்னார். ஆபீஸ் டிவியில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. கோர்ட் ஜாமீன் கொடுத்தும், பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ஆளில்லாமல் சிறையிலேயே கிடக்கிற விசாரணைக் கைதிகளைப் பற்றிய கேள்வி அது. நம் எம்.பி. இந்த முறை இருக்கையை விட்டு நகரவில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்த துணைக் கேள்வியை ஒரு சொல் மாற்றாமல் தமிழிலேயே கேட்டார். அமைச்சர் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார், அதிகாரிகள் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் எல்லா மாநிலங்களிடமும் விவரம் கேட்டு நடவடிக்கை எடுப்பதாக ஒப்புக்கொண்டார். ஆபீசில் கைதட்டினார்கள். கேள்வியை மறுபடி அனுப்பியவன் நான் என்பதால் எனக்குக் கை கொடுத்தார்கள். எனக்கு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் என்னைக் 'குட்டி எம்.பி.' என்றுதான் கிண்டல் செய்வீர்கள். எம்.பி.யின் உதவியாளன் என்றால் ஆரணியில் அப்படி ஒரு மிதப்பு வந்துவிடுகிறது. அன்றைக்குக் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி கோர்ட்டிலிருந்து நேராக வந்தீர்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முள்ளிப்பட்டு நெசவாளி ஒருவர், நெய்யக் கொடுத்த பட்டு நூலைத் திருடிவிட்டார் என்று முதலாளி கொடுத்த புகாரில் வேலூர் சிறையில் இருந்தார். ஜாமீன் கிடைத்துவிட்டது. கையெழுத்துப் போடத்தான் ஆளில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் அந்த முதலாளியிடம் பாவு நூல் வாங்கிக் கூலிக்கு நெய்கிறவர்கள்.

"அண்ணா, அங்க யாரு கையெழுத்து போட்டாலும் அடுத்த பாவு அவங்க வூட்டுக்கு வராது. நீங்க அவர்கிட்ட பாவு வாங்கற ஆளில்ல. டவுன்ல சொந்த வூடு இருக்குது. வரி ரசீதை எடுத்துகினு வாங்க, அவ்ளோதான்" என்றீர்கள்.

அந்த முதலாளி எம்.பி.க்கு வேண்டியவர். மேடை போடுவதிலிருந்து வண்டி அனுப்புவது வரை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவர். அவரைப் பகைத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. அதை அப்படியே சொல்லியிருந்தால் நீங்கள் திட்டிவிட்டுப் போயிருப்பீர்கள், விஷயம் முடிந்திருக்கும். நான் நாட்டைத் துணைக்கு இழுத்தேன். இது ஒரு ஆளின் பிரச்சினை இல்லை, நாடு முழுக்க இப்படித்தான் கிடக்கிறார்கள், பார்லிமென்டிலேயே கேட்டுவிடலாம் என்று பெரிதாகப் பேசினேன். பேசப் பேச எனக்கே அது நியாயமாகத் தோன்றியது. நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு தாள் கேட்டீர்கள்.

முதல் கேள்வி சும்மா கதவைத் திறக்கத்தான் என்று எனக்கு விளக்கினீர்கள். "அதுக்கு ஆபீசருங்க எழுதிக் குடுத்ததைப் படிச்சிடுவாரு. துணைக் கேள்விக்குத்தான் அமைச்சர் தன் வாயால பேசணும். நம்ம ஆளு அங்க இருக்கணும் அண்ணா, அது முக்கியம்."

எந்தக் கேள்வியை அவையில் முதலில் எடுப்பது என்று போடும் குலுக்கலில் நம் கேள்வி முன்னால் வந்தது. அது அவைக்கு வரவிருந்த நாள்தான் என் மகளின் கல்யாண நாள். டெல்லிக்குப் போகணுமாய்யா என்று எம்.பி. என்னைத்தான் கேட்டார். போங்கள் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சம்பந்தி வீட்டாரிடம் எம்.பி. வருகிறார் என்று ஊதி வைத்திருந்தேன். ஆள் இல்லாவிட்டாலும் எழுத்தில் பதில் வந்துவிடும் என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை.

நீங்கள் கல்யாணத்துக்கு வந்தீர்கள். எம்.பி. முதல் பந்தியில் உட்கார, நான் பக்கத்தில் நின்று கவனித்துக்கொண்டிருந்தேன். எதிர் வரிசையில் நீங்கள் இலைக்கு முன்னால் போனை வைத்துக்கொண்டு அவை நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவைத் தலைவர் அவர் பெயரைக் கூப்பிட்டார். இருக்கை காலி. வேறு யாரும் எழுந்து துணைக் கேள்வி கேட்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். நீங்கள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தீர்கள். கிளம்பும்போது என் மகளை உச்சி முகர்ந்து வாழ்த்துச் சொன்னீர்கள். என்னிடம் சாப்பாடு நன்றாக இருந்தது என்றீர்கள். நீங்கள் சண்டை போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

எழுத்தில் வந்த பதிலைப் படித்துக் காட்டினேன். சிறை மாநிலப் பொருள், இந்த விவரங்கள் மத்தியில் பராமரிக்கப்படுவதில்லை என்று இருந்தது. நீங்கள் தலையாட்டிக்கொண்டீர்கள். இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்பதை ஒருவராகக் குறைக்கச் சொல்லி மனுப் போட்டு அதையும் வாங்கினீர்கள். அந்த ஒருவருக்காகவும் அலைந்தீர்கள். வேலூர் பஸ்ஸில் உங்களைப் பார்த்ததாக யாராவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவது தடவை நீங்கள் என்னைக் கேட்கவில்லை.

அப்புறம் காய்ச்சல் என்று படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் கோர்ட்டே திரண்டு நின்றது. பாஸ்டர் ஜெபம் முடித்ததும் மண் போட வரிசையாகப் போனோம். எனக்கு முன்னால் போன பெண் மண்ணை அள்ளிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்திலிருந்தவர் மெதுவாகச் சொன்னார், அந்த நெசவாளியின் மனைவியாம்.

மறுநாள் காலை நான் வரி ரசீதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். உங்கள் ஜூனியர் தாள்களைக் காட்டக் காட்டக் கையெழுத்துப் போட்டேன். இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். தெரியும் என்றேன். அதுவரை முகம்கூடப் பார்த்ததில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன், வக்கீலம்மா. அவ்வளவு சின்ன வேலை. முதலாளியும் ஒன்றும் செய்யவில்லை, கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான்.

சிறையிலிருந்து வெளியே வந்ததும் நெசவாளி தன் மனைவியோடு என் வீட்டுக்கு வந்தார். மெலிந்துபோன மனிதர். சட்டை தோளில் நிற்கவில்லை.

"வக்கீலம்மா ஜெயில்ல மனு போட்டு என்னைப் பார்க்க வரப்பல்லாம் சொல்லுவாங்க சார். உனக்காக ஒருத்தரு பார்லிமென்ட்ல கேட்டுகினு இருக்காரு, தெகிரியமா இருன்னு. அது நீங்கதானுங்களே?"

கல்யாணப் பந்தியை நீங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. வரி ரசீதையும் சொல்லவில்லை. அந்தக் கம்பிகளுக்குப் பின்னால் இருந்தவருக்கு என்னை நல்லவனாக்கிக் காட்டியிருக்கிறீர்கள். நான் ஆமாம் என்றேன்.

இன்று அமைச்சர் பதில் சொல்லி உட்கார்ந்த கையோடு அந்த நெசவாளிதான் முதலில் போன் செய்தார். தறியை நிறுத்திவிட்டு வீட்டோடு உட்கார்ந்து பார்த்தார்களாம். அப்போது கேட்ட மாதிரியே இப்போதும் கேட்டீர்களே சார், உங்கள் நன்றியை மறக்க மாட்டோம் என்றார்.

அதையும் வாங்கிக்கொண்டேன், வக்கீலம்மா.