பெயர் ஒரு வரி, ரிசல்ட் ஒரு வரி

நவ. 3, திங்கள்
காலையிலிருந்து தூறல். கரண்ட் போய் வந்ததில் எங்கள் ரத்த டெஸ்ட் லேப் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கறுப்புத் திரை, அதில் ஒரு கோடு மட்டும் மினுக் மினுக். பழங்காநத்தமே இன்றைக்குத்தான் ரத்தம் கொடுக்க வந்த மாதிரி கூட்டம்.

சாப்ட்வேர் போட்டுத் தந்த பிரபு போனில்: "பயப்படாதீங்கக்கா. எல்லாம் சாதா டெக்ஸ்ட் ஃபைல்தான். சி-ஏ-டி, கேட்னு கமாண்ட் அடிச்சு ஃபைல் பேரைப் போடுங்க."

கேட் என்றால் பூனைதானே? அடித்தேன். எழுத்தெல்லாம் சரசரவென்று மேலே ஓடிவிட்டது. "அப்ப லெஸ் போடுங்க." போட்டால் நிற்கிறது, ஆனால் வெளியே வர வழியில்லை. கியூ எழுத்தை அமுக்க வேண்டுமாம். யாருக்குத் தெரியும்?

வாங்க: பஞ்சு, குடை, தலைவலி மாத்திரை.

நவ. 4, செவ்வாய்
வெயில். கொஞ்சம் பிடிபட்ட மாதிரி. பெயர்கள் ஒரு ஃபைலில், ரிசல்ட் இன்னொன்றில். பேஸ்ட் என்று அடித்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. தேடச் சுலபமாக இருக்கட்டும் என்று பெயர்களுக்கு மட்டும் சார்ட் போட்டு, அகர வரிசையாக்கி இன்னொரு ஃபைலில் வைத்தேன். அதை ரிசல்ட்டோடு ஒட்டினேன். அழகாக இருந்தது. எனக்கே பெருமை.

வாடிப்பட்டி பாண்டிச்செல்வி போன். கல்யாணமாகி ரொம்ப வருடம், குழந்தை இல்லை. "ரிசல்ட் வந்துருச்சாக்கா?" திரையைப் பார்த்துப் படித்தேன். "கர்ப்பம் பாசிட்டிவ்மா."

"நெசமாவாக்கா? மாமா, ஓடி வாங்களேன்!" அழுகையா சிரிப்பா, இரண்டுமா. நானும் இங்கே தனியாகச் சிரித்துக்கொண்டு.

நவ. 5, புதன்
புழுக்கம். சாயங்காலம் பிரிண்ட் எடுக்க உட்கார்ந்தேன். கருப்பையா, எழுபது வயதுப் பெரியவர். அவர் பெயருக்கு நேரே: கர்ப்பம், நெகட்டிவ். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பிரபுவுக்குப் போன் போட்டேன்.

பிரபு: "பேரை மட்டுமா சார்ட் பண்ணுனீங்க? ரிசல்ட் பழைய வரிசையிலயேதானக்கா நிக்கும்!"

பழைய பெயர் ஃபைல் அழியவில்லை. அதை வைத்து ஒட்டிப் பார்த்தேன். டெக்னீசியன் மூர்த்தி அண்ணன் டியூப் லேபிளை எடுத்துச் சரிபார்த்தார். கருப்பையா பக்கத்தில் நின்ற நெகட்டிவ் பாண்டிச்செல்வியுடையது. நான் அவளுக்குச் சொன்ன பாசிட்டிவ் ஷமீமாவுடையது; அவளும் டெஸ்ட்டுக்கு வந்தவள், தெற்குவாசல் பக்கம் வீடு. நல்லவேளை, வேறு யாருக்கும் இன்னும் ரிசல்ட் சொல்லவில்லை.

"பாண்டிச்செல்விகிட்டப் போன்லயே சொல்லிரும்மா," என்கிறார் மூர்த்தி அண்ணன். எப்படி? கம்ப்யூட்டர் செய்த தப்பா, நான் செய்த தப்பா? அது நான் அடித்ததைத்தான் செய்தது. நானும் அது காட்டியதைத்தான் படித்தேன்.

நவ. 6, வியாழன்
மூட்டமாக இருந்தது. காலை வாடிப்பட்டி பஸ். ஜன்னல் சீட். என்ன சொல்வது என்று யோசித்ததெல்லாம் இறங்கும்போது மறந்துவிட்டது.

பாண்டிச்செல்வி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். "இம்புட்டுத் தூரம் வந்துருக்கீங்களேக்கா!" உள்ளே தட்டு நிறைய அதிரசம்.

சொன்னேன். சார்ட், வரி, ஃபைல் என்று ஏதேதோ உளறினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் சொன்ன 'நெகட்டிவ்' மட்டும் புரிந்தது. கையை விட்டாள். அவள் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"ரெண்டு நாளாக் குப்புறப் படுக்காமக் கெடந்தேன்," என்றாள். திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அதிரசத் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, "அப்ப அந்த ரிசல்ட்டு வேற யாரோடதுக்கா?"

"பேரு சொல்லக் கூடாதும்மா."

"பேரு எனக்கு எதுக்கு? அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிட்டீகளா?"

"இல்ல."

"மொதல்ல அதுக்குப் போனைப் போடுங்க. போங்க."

பஸ் ஸ்டாப்பில் நின்று ஷமீமாவைக் கூப்பிட்டேன். சொன்னேன்.

"யா அல்லா." பின்னால் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம். "நல்லாப் பாத்தீகளாக்கா?"

"மூர்த்தி அண்ணனும் பாத்தாரும்மா. ஒனக்குத்தான்."

அவளுக்குச் சந்தோஷமா, இன்னொரு பிள்ளையா என்ற மலைப்பா? போனை வைத்துவிட்டாளா, காதில் வைத்தபடி நிற்கிறாளா? அலோ, அலோ என்கிறேன். பஸ் வந்துவிட்டது.