தடிமன் இரண்டு மடங்கானால்

ஜனவரி 12, 2025. ஞாயிறு

மாமியார் இன்றும் தாராவியிலிருந்து பஸ் பிடித்து ஆண்டாப் ஹில்லில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். தூக்கில் சாளை மீன் குழம்பு. கூடவே ஷைஸ்தா.

என் மனைவி உமாவோடு எம்.எஸ். ஆர்த்தோ, எலும்பு சர்ஜரி, ஒரே பேட்ச். இந்த மேஜையில்தான் இரண்டு பேரும் படிப்பார்கள். செப்டம்பரில் உமா செத்துப்போன பிறகு இவள் இப்போதுதான் முகத்தைக் காட்டுகிறாள்.

"அண்ணே, மே மாசம் பரீட்சை. ஃபர்ஸ்ட் பேப்பர் பேசிக் சயின்ஸ். இந்த மெட்டல், பிளேட், ஸ்ட்ரெஸ் எல்லாம் மண்டையில ஏற மாட்டேங்குது. உமாவுக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி எனக்கும்…"

நேரமில்லை என்றேன். நேரமா இல்லை? செம்பூர் லேபில், ஒடிந்த எலும்பில் வைத்துத் திருகுகிற உலோகத் தகடுகளை மெஷினில் மாட்டி, அவை ஒடியும்வரை வளைத்துக்கொண்டிருப்பது என் வேலை. மீதி நேரமெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது.

"ஏன் மாப்ள, இந்தப் புள்ளையாவது பாஸாவட்டுமே" என்றார் மாமியார்.

அவருக்குத் தெரியாது.

ஜனவரி 13

எனக்குத் தெரியும். அந்த செப்டம்பர் சனிக்கிழமை நான் புனேயில் இருந்தேன். உமா போனில் சொன்னாள்: "சும்மா வைரல் காய்ச்சல்தான்னு ஷைஸ்தா சொல்றா. பாராசிட்டமால் போட்டுருக்கேன். திங்கக்கிழமை டிபார்ட்மெண்ட் டெஸ்ட் முடியட்டும், அப்புறம் பிளட் குடுக்கலாங்கிறா."

டெங்கு. செவ்வாய் ஐ.சி.யூ. வியாழன் எல்லாம் முடிந்தது.

ரெண்டு பேரும் டாக்டர். ரத்தம் எடுக்கிற இடம் அவர்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி பில்டிங்கிலேயே, கீழே. லிஃப்டில் இறங்கினால் போதும். இறங்கவில்லை.

ஜனவரி 19. ஞாயிறு

வந்துவிட்டாள். மாமியார் கதவைத் திறந்துவிட்டார். சரி, உட்கார் என்றேன்.

எலும்பு ஆறும், தகடு ஆறாது என்று ஆரம்பித்தேன். நடக்கிற ஒவ்வொரு எட்டுக்கும் தகடு கொஞ்சம் வளையும், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே விரிசல் சேரும், ஒருநாள் படக்கென்று போகும்.

"அப்போ ரேஸ் மாதிரி. தகடு ஒடையறதுக்கு முந்தி எலும்பு கூடிரணும். கரெக்டாண்ணே?"

கரெக்ட். எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி 9

இன்றைய பாடம்: சுமையை முழுக்கத் தகடே தாங்கிக்கொண்டால் அடியில் இருக்கும் எலும்பு மெலிந்துபோகும். மாமியார் என் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 2. ஞாயிறு

முதல் நோன்பு. ஷைஸ்தா தண்ணீர்கூட வேண்டாம் என்றாள். உதடு காய்ந்திருந்தது.

"தகட்டின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எத்தனை மடங்கு கூடும்?" என்று கேட்டேன். பரீட்சையில் வருஷம் தவறாமல் கேட்கிற கேள்வி. தெரியாது என்று தலையாட்டினாள்.

சரியான விடை எட்டு மடங்கு.

நாலு என்றேன்.

வாய் தவறவில்லை. வேண்டுமென்றே சொன்னேன். பொய்யாக ஒரு கணக்கும் போட்டுக் காட்டினேன். குனிந்து எழுதிக்கொண்டாள், ஒரு கேள்வி இல்லை. உமா இவள் பேச்சை நம்பினாளே, அதே மாதிரி நம்பினாள். நம்பட்டும். எழுதட்டும் போய்.

மார்ச் 3

நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 6

பெருநாள் முடிந்து வந்தாள். டப்பாவில் ஷீர் குர்மா, பெருநாள் சேமியா பாயசம். மாமியார் குடித்துவிட்டு, "உமாவுக்கு இதுன்னா உசுரு" என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் திருகாணிப் பாடத்தை நடத்தினேன். அதைச் சரியாகத்தான் நடத்தினேன். ஒரு பொய் போதும் என்றா? என்ன நியாயம் இது?

மே 11. ஞாயிறு

நாளை பரீட்சை. மத்தியானம் கிளம்பித் தாராவிக்கே போய்விட்டேன். கீழே அவள் வாப்பாவின் தோல்பை பட்டறை, மேலே வீடு. ஷைஸ்தா புத்தகத்தோடு இறங்கி வந்தாள்.

"நான் சொன்னது தப்பு. நாலு இல்ல, எட்டு."

"தெரியும்ணே."

"எப்போ?"

"அன்னைக்கே. அரே அண்ணே, அது எல்லா புக்லயும் இருக்கு. தகட்டோடயே குடும்பம் நடத்துற உங்களுக்கா தெரியாது? வேணும்னுதான் சொல்றீங்கன்னு வெளங்கிடுச்சு."

"அப்புறம் எதுக்கு வாரவாரம் வந்த?"

"ஏசுவீங்கன்னுதான். இன்னைக்கு ஏசிருவாரு, இன்னைக்கு ஏசிருவாருன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வருவேன். நீங்க பாட்டுக்குப் பாடம் எடுப்பீங்க. பாராசிட்டமால் போடுன்னது நாந்தானேண்ணே."

"ஆமா, நீதான். நீதான் சொன்ன. டாக்டரா நீ? காய்ச்சக்காரிக்கு டெஸ்ட்டாம் டெஸ்ட்டு…"

பட்டறைக்குள் தையல் மெஷின்கள் நின்றுவிட்டன. அவள் நகரவில்லை. இன்னும் என்னென்னவோ கத்தினேன். தொண்டை கம்மிப்போனதும், "போய் படி" என்றேன்.

வீடு வந்தேன். ஏசியாயிற்று. ஒன்றும் குறையவில்லை.

ஜூன் 27

ஷைஸ்தா பாஸ். மாமியார் லட்டு வாங்கிக் குடித்தனம் குடித்தனமாகக் கொடுத்தாராம். எனக்கும் ஒன்று தட்டில் வைத்தார். தொடவில்லை. உமாவின் ஹால் டிக்கெட் நம்பர் என்னவாக இருந்திருக்கும்?

அந்த பாராசிட்டமால் விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. ஷைஸ்தாவுக்காக இல்லை. அவருக்கு மீதி இருப்பது இந்த ஒரு பிள்ளை.

ஜூன் 29. ஞாயிறு

மழை. பரீட்சை முடிந்தது, இனி யார் வருவார்கள் என்று இருந்தேன். ஷைஸ்தா வந்தாள். புத்தகம் இல்லை. உட்காரச் சொல்லவில்லை, அவளாகவே உட்கார்ந்தாள்.

"அந்த சனிக்கிழமை, நான் புனேல இருந்தப்போ, மத்தியானம் உமா என்ன சாப்பிட்டா?" என்று கேட்டேன்.

அவள் தலை நிமிர்த்தவில்லை. "இட்லி வேணும்னா. கேன்டீன் மூடிட்டான். மாட்டுங்கா ஸ்டேஷன் வெளியில வடாபாவ் வாங்குனோம். வாயெல்லாம் கசக்குதுன்னு பன்னை மட்டும் பிச்சுத் தின்னுட்டு, வடாவ எனக்குக் குடுத்தா."

அடுக்களையில் மாமியார் குழாயை மூடினார்.

"அப்புறம்?" என்றேன்.