பாறைக்குள் புகுந்த நீரோட்டம்

மார்ச் 4, திங்கள்

நீரோட்டம் அளக்கும் மீட்டர் கரைக்கு வந்துவிட்டது. பதினைந்து நாள் விரிகுடாவின் அடியில் கிடந்து உடம்பெல்லாம் பாசி. போன வருடம் ஒன்றைக் கடல் கொண்டுபோனதிலிருந்து, "பத்திரமா கட்டுங்க" என்று டைவரின் பிராணனை வாங்கிக்கொண்டிருக்கிறேன். நல்ல மனிதர், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

மாலையில் அக்கா வந்து எங்கள் மாடி அறையைப் பார்த்தாள். விரிகுடாவின் உள்மூலையில்தான் அவள் கயிறு கட்டிச் சிப்பி வளர்க்கிறாள். நகரத்துக் கழிவுநீர்க் குழாயை விரிகுடாவின் வாயில் இறக்கப் போகிறார்கள்; அதற்காகத்தான் என் அளவெடுப்பு. அழுக்கு உள்ளே திரும்பினால் அவள் தொழில் அவ்வளவுதான்.

"அப்படி ஆச்சுன்னா பொட்டி படுக்கையோட வந்துடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என் வீட்டுக்காரர் தன் உடற்பயிற்சி சைக்கிளை மாடியிலிருந்து இறக்கி வைத்தார். துணி காயப்போட மட்டுமே பயன்பட்ட சைக்கிள்.

மார்ச் 7, வியாழன்

வெளியே! வெளியேதான் போகிறது!

கடல் ஏற்றம் தண்ணீரை உள்ளே தள்ளும், வற்றம் வெளியே இழுக்கும். இரண்டையும் கூட்டிக் கழித்து மிஞ்சுவதுதான் நிகர ஓட்டம். நத்தை வேகம்தான், ஆனால் அழுக்கு கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அக்காவுக்கு போன் போட்டேன். "நிஜமாவாடி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். குழாய் அறிக்கையில் மேலதிகாரி திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறார்.

மார்ச் 8, வெள்ளி

நல்ல தூக்கம்.

மார்ச் 10, ஞாயிறு

அறிக்கைக்காக, ஓட்டத்தின் திசை காட்டும் அம்புகளை வரைபடத்தில் பொருத்தினேன். ஏற்றத்தின் அம்பு நேராகப் பாறைக்குள் நுழைகிறது. வற்றம் எதிர்க்கரைக் குன்றைத் துளைத்துக்கொண்டு போகிறது. தண்ணீருக்கென்ன பைத்தியமா? எனக்குத்தான். மிச்சத்தை மட்டும் பார்த்துவிட்டு வழியைப் பார்க்காமல் விட்டேனே. ஏன்? அந்த விடை எனக்கு வேண்டியிருந்தது — அதனால்தான்.

டைவரைக் கூப்பிட்டேன்.

"நீங்கதானே மேடம் பத்திரமா கட்டச் சொன்னீங்க? கயிறு போதாதுன்னு இரும்புச் சங்கிலிய மீட்டரச் சுத்தி இறுக்கிட்டேன். யானை வந்தாலும் அசைக்க முடியாது."

யானை வரவில்லை. மீட்டருக்குள் இருக்கும் திசைகாட்டிதான் இரும்பைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டது. இதற்கு அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

அம்புகளை, விரிகுடாவுக்குள் தண்ணீர் போய்வரும் கால்வாயின் போக்குக்கு உத்தேசமாகத் திருப்பிப் பார்த்தேன். நிகர அம்பு அக்காவின் மூலையைக் காட்டுகிறது.

மார்ச் 11, திங்கள்

மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் சாந்தசொரூபி. ஏன் என்று இன்று தளம் முழுக்கக் கேட்டிருக்கும். "கையெழுத்துப் போட உக்காந்திருக்கேன், சங்கிலிக் கதை சொல்றியா?" கத்தி முடித்ததும் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். "மறுபடி அள. பாறை முனைக்கு வெளியே, கடல் பக்கமும் ஒரு மீட்டர் போட்டுப் பாரு."

இனி அக்கா. சொன்னேன். அவள் கேட்டாள், "சரி... அந்த மாடி ரூம்ல ஜன்னல் நல்லாத் திறக்குமா?"



மார்ச் 13, புதன்

இரண்டு மீட்டர்களையும் இறக்கியாயிற்று. நைலான் கயிறு மட்டும். ஒவ்வொரு முடிச்சையும் டைவர் எனக்குக் காட்டிவிட்டே குதித்தார்.

மார்ச் 29, வெள்ளி

அம்புகள் கால்வாய் வழியே சமர்த்தாகப் போய் வருகின்றன. பார்க்கவே மனசு குளிர்ந்தது. நிகர ஓட்டம் உள்ளேதான், அக்காவின் மூலைக்கு. முனைக்கு வெளியேயோ நேராக ஆழ்கடலுக்கு. இரண்டையும் சாந்தசொரூபியின் மேசையில் வைத்தேன். கத்தவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மே 3, வெள்ளி

மதியம் சைக்கிளைப் பழையபடி மாடிக்கு ஏற்றினோம். முன்னால் இவர், பின்னால் அக்கா. அவள் கையில் இன்னும் கயிற்று ஈரம். "முனைக்கு வெளியே குழாய் போட ஒத்துக்கிட்டவங்க, இதத் தூக்கவும் ரெண்டு ஆள் அனுப்பியிருக்கலாம்" என்று இவர் படிக்குப் படி புலம்பினார்.

அக்கா அறைக்குள் போய் ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

"நல்லாத்தான்டி திறக்குது" என்றாள். பிறகு, புதுக் கயிறு கட்ட ஆள் வந்து காத்திருக்கும் என்று அவசரமாக இறங்கிப் போனாள்.