மஞ்சள் சறுக்குக் காலணிகளைக் கறுப்பாக்க அனுமதி கோரி

அனுப்புநர்:
ஹில்க்கா வாஹ்தெரா,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
மர ஆலைக் குடியிருப்பு,
ஹர்மாசாரி, பின்லாந்து.

பெறுநர்:
திருமதி ரீத்வா ஹெய்க்கிலா அவர்கள்,
விளையாட்டுப் பிரிவு அலுவலர்,
நகராட்சி அலுவலகம், ஹர்மாசாரி.

பொருள்: ஆலைக் குடியிருப்புப் பனித்திடலில் வசதியற்ற குழந்தைகளுக்கு இரவலாகத் தரப்படும் மஞ்சள் சறுக்குக் காலணிகளுக்குக் கறுப்புச் சாயம் பூச அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் பனியில் சறுக்க வேண்டும் என்று தங்கள் அலுவலகம் இந்தக் குளிர்காலத்தில் நாற்பது ஜோடி புதுக் காலணிகளை வழங்கியது. அதற்கு எங்கள் குடியிருப்பின் மனமார்ந்த நன்றி. ஆனால் தொலைந்துவிடக் கூடாதென்று அத்தனையையும் பளீரென்ற மஞ்சளில் வாங்கிவிட்டீர்களே, அங்கேதான் கோளாறு. சொந்தமாகக் கடையில் வாங்கிக்கொண்ட பிள்ளைகள் கறுப்பிலும் வெள்ளையிலும் சறுக்குகிறார்கள். மஞ்சள் போட்டவர் யார் வீட்டுப் பிள்ளை என்று திடலின் மறுகோடியிலிருந்தே தெரிகிறது.

2. என் மேல்வீட்டில் வில்யா என்ற ஒன்பது வயதுச் சிறுமி இருக்கிறாள். தாய் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்கிறார். முதல் வாரம் முழுக்க அந்த மஞ்சள் காலணியில் பறந்தாள். அடுத்த வாரம் வகுப்புப் பிள்ளைகள் அவளுக்கு 'நகராட்சி வாத்து' என்று பெயர் வைத்தார்கள். அன்று முதல் வேலிக்கு வெளியே நிற்கிறாள். கேட்டால் கால் வலி என்றாள். எந்தக் கால் என்று விடாமல் கேட்டேன்.

"கால்ல ஒண்ணும் இல்ல அத்தை. அதப் போட்டா எங்க வீட்ல காசில்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோவுது. போடாம நின்னா, இவளுக்குச் சறுக்கப் பிடிக்காதுன்னு நெனச்சுக்குவாங்க. அதுவே தேவல."

இதைத் தாங்களும் கேட்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

3. நம் சிறுவயதில் இத்திடல் இருந்த விதத்தைத் தங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. ஆனாலும் மனம் கேட்கவில்லை. விறகடுப்பு எரியும் அந்த மரக் குடில், காயும் கம்பளிக் காலுறைகளின் நாற்றம், சூடான கருந்திராட்சைச் சாறு, இவையெல்லாம் இன்றும் குளிர்காலத்தில் என் மூக்கில் ஏறுகின்றன. குடிலைப் பார்த்துக்கொண்ட வில்ஹோ முசுடு, வாயைத் திறந்தால் திட்டு. யார் எந்தக் காலணியைக் கொடுத்தாலும் வாங்கி, அடுப்புக்குப் பூசும் கரிமெருகைத் தடவிக் கறுப்பாக்கி, பொதுவான ஆணிகளில் மாட்டிவிடுவார். பிறகு காலுக்குச் சேர்வதைக் கையில் திணிப்பார். அது மருத்துவர் வீட்டுடையதா, ஆலைத் தொழிலாளி வீட்டுடையதா என்று அவருக்கே மறந்திருக்கும். சில ஜோடிகள் தொலையவும் செய்தன. அதற்காக யாரும் மஞ்சள் பூசவில்லை.

என் தந்தைக்கு ஆலையில் வேலை போயிருந்த காலம் அது. நாங்கள் ஏழைகள் என்பதைக் கடையில் உணர்ந்தேன், பள்ளியில் உணர்ந்தேன். பனியில் மட்டும் ஒரு நாளும் உணர்ந்ததில்லை. என் வாழ்வின் மிக நல்ல நாட்கள் அவை.

4. மருந்துக்கடைக்காரர் மகள் ஒருத்தி வெள்ளை வெளேரென்ற புதுக் காலணியோடு வந்து, இரண்டே நாளில் தனக்கும் கறுப்பு வேண்டுமென்று அழுது வில்ஹோவிடம் பூசி வாங்கிக்கொண்டதும், வீட்டில் அதற்கு அடி வாங்கியதும் தங்களுக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும்.

5. நான் கேட்பது பணமல்ல. சாயம் வாங்கிவிட்டேன், பூசுவதற்கு ஆலைக் குடியிருப்பில் கைகள் இருக்கின்றன. இப்போது பூட்டிக் கிடக்கும் அந்தக் குடிலின் சாவியும் தங்கள் அனுமதியும் போதும். இனி அந்த ஆணிகளில் எல்லோருடைய காலணிகளும் கலந்து தொங்கட்டும், கேட்கும் பிள்ளைக்கெல்லாம் கேள்வியின்றிக் கிடைக்கட்டும். மார்ச் பாதிக்கு மேல் பனி தாங்காது. உத்தரவு ஏப்ரலில் வந்தால் வில்யா தண்ணீரில்தான் சறுக்க வேண்டும்.

6. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று. வில்ஹோ எனக்குத் தந்த ஜோடியின் உட்புறத்தில் சிவப்பு நூலில் 'ரீத்வா' என்று தைத்திருந்தது. மூன்று குளிர்காலம் தங்கள் காலணியில்தான் சறுக்கினேன். வெளியே கறுப்பு, ஆகவே திடலில் ஒருவருக்கும் தெரியாது. வில்யாவுக்காக நான் கேட்பது அவ்வளவுதான்.

இடம்: ஹர்மாசாரி
நாள்: ஜனவரி 22

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஹில்க்கா வாஹ்தெரா