மழைக்கும் வெயிலுக்கும் ஒரே இரண்டு

ஸ்பிரிங்வெளி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் துவாரகாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய இருமலும் குறைந்துவிட்டது. மன்னார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு x போட்டுச் செய்யும் அட்சரகணிதம் ஏறவே இல்லை, வாத்தியார் வேலையையே விட்டுவிடலாமா என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு ஜன்னலோரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், மலை முழுக்கப் பனிமூட்டம், எது மரம் எது ஆள் என்று தெரியவில்லை, இருபத்திரண்டு வருடம் கற்பித்த பிறகும் என் வகுப்பு சில நாள் எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

என் ஒன்பதாம் தரத்தில் கம்சலா என்று ஒரு பிள்ளை. பிள்ளைகளுக்குப் பழக்கமான பொருளில் கேட்டால் x புரியும் என்று எல்லாக் கணக்கையும் தேயிலைக் கொழுந்திலேயே போட்டேன். மூன்று சாக்கில் ஒரே அளவு கொழுந்து, தனியாக ஐந்து கிலோ, மொத்தம் நாற்பத்தொன்று, ஒரு சாக்கில் எவ்வளவு? படியெல்லாம் சரியாகச் செய்து பன்னிரண்டு கண்டுபிடித்தவள் கடைசியில் பத்து என்று எழுதியிருந்தாள். எல்லாக் கணக்கிலும் அப்படியே இரண்டு குறைவு. கடைசி வரியில தூங்கிட்டியா என்று கேட்டுச் சிவப்பில் கோடு போட்டேன், வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. கணக்கு வராத பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் படிப்பு, அடுத்த வாரம் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்புறேன் என்று கொழுந்து பறிக்கும் அவள் அம்மா பரிமளம் சொல்லியனுப்பினாள்.

சனிக்கிழமை கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கே போனேன். பரிமளத்தின் சாக்கைத் தொங்கவிட்டார்கள், தராசு பன்னிரண்டு காட்டியது, கணக்கப்பிள்ளை பத்து என்று எழுதினார். ரெண்டு எங்கே என்று கேட்டேன். சாக்கு எடைக்கும் கொழுந்துல இருக்கிற தண்ணிக்கும் கழிப்பாங்க டீச்சர், மழைக்கும் ரெண்டு வெயிலுக்கும் ரெண்டு, இதுகூடத் தெரியாமத்தான் கொழுந்துக் கணக்குப் போடுறீங்களா என்று வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். இந்த முறை சிரிப்பு என்னைப் பார்த்து. பக்கத்தில் தரையைப் பார்த்து நின்ற கம்சலாவிடம், நீ செஞ்சது சரிதான், நான்தான் கேள்வியப் பாதியிலேயே விட்டுட்டேன் என்றேன். அப்ப எம்மவளுக்குக் கணக்கு வருதா என்று பரிமளம் இரண்டு தடவை கேட்டாள்.

நேற்று கம்சலா வகுப்புக்கு வந்தாள். கரும்பலகையில் x - 2 என்று எழுதிவிட்டு அப்படியே நின்றாள். வெயில்ல ஏது தண்ணி டீச்சர், தினமும் அதே ரெண்டா இருக்க முடியாதுல்ல, அந்த ரெண்டுக்கும் ஒரு எழுத்துப் போடலாமா என்றாள். நான் இன்னும் சொல்லிக்கொடுக்காத பாடம் அது. நான் தலையாட்டுமுன் அவளே இரண்டை அழித்து y என்று எழுதினாள். கதவு வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது, யாரும் சிரிக்கவில்லை. கொழும்புப் பேச்சை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறாள் பரிமளம்.

அதனால் பிழை என்று கோடு போடுமுன் எப்படிச் செய்தாய் என்று ஒரு தடவை கேட்டுப் பார் அம்மா. உன் பிள்ளைகளுக்கு மீனும் வலையும், அதில் என்ன கழிக்கிறார்கள் என்று உனக்கும் எனக்கும் தெரியாது. கேட்ட பிறகும் வேலையை விட்டுவிடத் தோன்றினால் வீட்டுக்கு வா, ஒன்றும் சொல்ல மாட்டேன்.

முருகன் உன்னோடு இருக்கட்டும். வெயிலில் குடையில்லாமல் போகாதே. சிவப்புப் பேனாவைக் கொஞ்ச நாள் பையிலேயே வைத்திரு, நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
விஜயலெட்சுமி