பெரியப்பா விழுங்கிய வரிமீன்கள்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பாய், நேரத்துக்குச் சாப்பிடுவாய் என்று நம்புகிறேன். நானும் அப்பாவும் சுகம். உன் பெரியப்பாவுக்குத்தான் சுகமில்லை, அதற்காக நான் வருத்தப்பட்டதாகப் பொய் எழுத மாட்டேன். அப்பா மாரடைப்பில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான பூட்டுப் பட்டறையை, அப்பா கையால் செய்த பூட்டையே மாட்டிச் சாத்தி, இனி எனக்கு மட்டும்தான் என்றாரே, அந்த மனிதருக்கும் போன மாதம் அதே மாரடைப்பு. பட்டறை கைவிட்டுப் போன நாள் முதல் சமையலறை மேசையில் உட்கார்ந்து சாவி ராவிக்கொண்டிருக்கும் உன் அப்பா, கூடப்பிறந்தவன் ஆயிற்றே என்று உருகுகிறார். எனக்கோ வயிறு குளிர்ந்தது.

பெரியம்மா வந்து உன் ஆராய்ச்சியைப் பற்றி விசாரித்தாள். நீ எழுதியதைத்தான் சொன்னேன், வரி போட்ட அந்தக் குட்டி மீனின் இதயத்தில் ஒரு துண்டை வெட்டினாலும் இரண்டு மாதத்தில் மறுபடி வளர்ந்துவிடும் என்று. மனிதருக்கு அப்படி வளராது, தழும்புதான் மிஞ்சும் என்று நீ எழுதியதை மட்டும் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன். ஆசைப்பட்டு ஏமாறட்டும் என்றுதான். பெரியப்பாவோ வளர்ப்பு மீன் கடையில் ஒரு தொட்டி வரிமீன் வாங்கி வைத்து, தினமும் காலையில் ஒன்றை உயிரோடு விழுங்குகிறாராம். நெஞ்சு லேசா இருக்கு, இனி மாத்திரை எதுக்கு என்று மாத்திரையையும் நிறுத்திவிட்டாராம்.

மீனைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவளுக்கு மாத்திரையைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. இரக்கம் என்று நினைத்துவிடாதே. செத்துப்போனால் அந்த ஆள் தப்பித்துவிடுவார், நல்ல மனுஷன் என்று நாலு பேர் சொல்வார்கள், உன் அப்பா அழுவார். அதற்கு நான் விடுவேனா. நேரே போய், அது மீனுக்குத்தான் வளரும், உங்களுக்கும் உங்க தம்பிக்கும் தழும்புதான் என்று சொல்லிவிட்டுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அப்பாதான் அந்த மீன்களுக்குத் தீனி போடுகிறார். தினமும் காலையில் நானே போய் மாத்திரையைப் பெரியப்பா கையில் வைத்து, உள்ளே இறங்கும்வரை எதிரே நிற்கிறேன். அவர் சுவரைப் பார்க்கிறார். நீ வராதேம்மா, நானே போட்டுக்கிறேன் என்று நேற்று கெஞ்சினார். முடியாது என்றுவிட்டேன்.

உனக்குப் போன் செய்து மருந்து கேட்பார். அப்படி ஒன்றும் இல்லை, அம்மா கொடுக்கும் மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள் என்று மரியாதையாகச் சொல். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அவருக்கும் அதையேதான் வேண்டிக்கொள்கிறேன், காரணம்தான் வேறு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா