கதவைத் தட்டியவர்கள்

வீன்டாம்
மே மாதம், ஞாயிறு காலை

அன்புள்ள ரென்ஸ்காவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் யூரே குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நியூசிலாந்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், குழந்தைக்குக் காதை மூடும் தொப்பி போடாமல் வெளியே விடாதே. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது, பழக்கம் அப்படி. அப்பா சுகம், கோழிகள் சுகம், என் கன்னத்து எலும்பும் கூடிவிட்டதாக டாக்டர் சொல்லிவிட்டார். தோள்தான் கையை மேலே தூக்கவிடமாட்டேன் என்கிறது. அதனால் மேல் அலமாரியில் இருந்ததையெல்லாம் அப்பா கீழே இறக்கிவைத்தார், கீழே இருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மனசு மட்டும் சுகமில்லை, கொதித்துக்கொண்டிருக்கிறது. போனில் பேசினால் நீ எடுத்த எடுப்பிலேயே 'முதல்ல அந்த லாரிய விடும்மா' என்பாய், நான் கத்துவேன், நீ அழுவாய், கடைசியில் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவோம். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, முழுதாகப் படித்துத்தான் ஆகவேண்டும்.

அப்பா உன்னிடம் சொன்னது பாதிக் கதை. 'டீசல் திருட வந்தவனுங்க, அம்மா கீழ விழுந்துட்டா, இப்ப பரவால்ல' என்றாராம். உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று அவர் நினைப்பு. நடந்ததை நானே சொல்கிறேன், கேள். பெல்ஜியத்தில் நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தத்தில் வண்டியைப் போட்டிருந்தேன். விடிவதற்கு முன்பே கிளம்பியவள் என்பதால் மத்தியானத்திலிருந்து சட்டப்படி நான் எடுக்கவேண்டிய நீண்ட ஓய்வு. நல்ல வெயில், பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் ரொட்டி தின்றுகொண்டிருந்தது. யாரோ கேபின் கதவைத் தட்டினார்கள். எட்டிப் பார்த்தால் மஞ்சள் ரிஃப்ளெக்டர் சட்டை போட்ட ஓர் ஆள், வண்டிக்கு அடியில் கையைக் காட்டி, டீசல் சொட்டுகிறது என்று சைகை செய்தான். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, உனக்கும் தெரியும், கோடை விடுமுறையில் என்னோடு வரும்போது பார்த்திருக்கிறாய். ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரின் வண்டியில் டயர் புகைந்தாலோ, கயிறு தளர்ந்தாலோ, எண்ணெய் ஒழுகினாலோ, தன் ஓய்வையும் விட்டுவிட்டுப் போய்க் கதவைத் தட்டிச் சொல்வான். எந்த நாட்டுக்காரன், என்ன மொழி என்று பார்ப்பதில்லை. தட்டினால் திறப்போம். நானும் எத்தனையோ கதவைத் தட்டியிருக்கிறேன், ஸ்பெயினில் உன்னையே அனுப்பித் தட்டச் சொன்னேனே, அந்தப் போர்ச்சுகல்காரர் உனக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தாரே. அதே மாதிரிதான் அன்றைக்கும் திறந்தேன்.

கையைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டான். இன்னொருவன் எங்கிருந்து வந்தான் என்றே தெரியாது, இரும்புக் கம்பியால் தோளில் ஓர் அடி, முகத்தில் ஓர் அடி. சாவியைப் பிடுங்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தார்கள். உள்ளே என்ன இருந்தது தெரியுமா, காலி வாளிகள். பூ ஏற்றும் கறுப்புப் பிளாஸ்டிக் வாளி, சந்தைக்குத் திருப்பி எடுத்துப்போகிற காலி வாளி. ஆத்திரத்தில் அதைக் காலால் எத்திவிட்டுப் போனார்கள். ரொட்டி தின்ற குடும்பம் கூடையைக்கூடச் சரியாக மூடாமல் காரில் ஏறிப் போயிற்று. அவர்களையும் நான் மன்னிக்கவில்லை, ஆனால் அவர்களுக்குச் சின்னக் குழந்தை இருந்தது, அதனால் கொஞ்சம் குறைத்துத் திட்டுகிறேன்.

இனி எழுதப்போவதை அப்பாவிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. நான் எப்படியோ ஊர்ந்து கேபினுக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டேன், சீட்டுக்கு அடியில் விழுந்து கிடந்த போனை எடுத்துப் போலீசையும் கூப்பிட்டுவிட்டேன். அப்போது மறுபடியும் கதவைத் தட்டினார்கள். எதிர் வரிசையில் நின்ற லிதுவேனியா லாரியின் டிரைவர், என் வயதுதான் இருக்கும், வழுக்கைத் தலை, கையில் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்க். கண்ணாடி வழியாக அதைத் தூக்கிக் காட்டினார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், தன் வண்டியைக் காட்டினார், நானும் டிரைவர்தான் என்று என்னென்னவோ சைகை செய்தார். நான் திறக்கவில்லை, ரென்ஸ்கா. திறக்கவே இல்லை. போ, போ என்று கத்தினேன். அந்த மனிதர் முகம் சுளிக்கவில்லை. பிளாஸ்க்கைப் படியில் வைத்துவிட்டு, என் வண்டிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார், எனக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து. போலீஸ் வரும்வரை அப்படியே காவலுக்கு உட்கார்ந்திருந்தார். அப்புறம் என்னை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள், அவர் பெயர்கூடத் தெரியாது. பிளாஸ்க்கை என் பையோடு போலீஸ்காரர் அனுப்பிவிட்டார். இதோ சமையலறை மேசைமேல் என் எதிரில் இருக்கிறது.

கன்னத்தில் விழுந்த அடிக்காக மட்டும் எனக்கு இவ்வளவு கோபம் வராது, எலும்பு கூடிவிட்டது. எங்கள் பழக்கத்தையே எங்களுக்கு எதிராகத் திருப்பிவிட்டார்களே, நல்ல மனிதர் ஒருவர் தட்டியபோது நாயை விரட்டுகிற மாதிரி விரட்ட வைத்துவிட்டார்களே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. இதைப் புரிந்துகொள்ள இங்கே ஓர் ஆள் இல்லை.

அப்பாவின் பிறந்தநாளுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, காப்பி, ஆளுக்கு ஒரு துண்டு ஆப்பிள் கேக். அப்பாவுக்கு வாழ்த்துச் சொன்ன வாயோடு ஒவ்வொருவரும் எனக்கு ஒரு புத்தி சொன்னார்கள், வட்டத்தில் கேக் தட்டு சுற்றுகிற மாதிரி புத்தியும் சுற்றி வந்தது. உன் சித்தப்பா பெரெண்ட் இருக்கிறாரே, அவர் முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, 'நீங்க ஏன் அண்ணி கதவத் திறந்தீங்க? நானா இருந்தா கண்ணாடியக்கூட இறக்கியிருக்கமாட்டேன்' என்றார். முப்பது வருஷமாக நகராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதர். நான் சொன்னேன், 'ஒங்க ஆபீஸ்ல கதவு ஆளக் கண்டா தானாத் தொறந்துக்கும் பெரெண்ட், நீங்க எங்க தொறந்தீங்க, மூடினீங்க' என்று. அப்பா எழுந்து எல்லோருக்கும் இரண்டாவது காப்பி ஊற்றினார். உனக்குத் தெரியும், நம் வீட்டில் இரண்டாவது காப்பி என்றால் பேச்சை மாற்று என்று அர்த்தம். ஆனால் ஏன் திறந்தாய் என்று கேட்டவர் அவர் ஒருவர் மட்டுமா, அடுத்த வீட்டுக்காரி கேட்டாள், போலீசிலும் கேட்டார்கள். தட்டினவன் ஏன் அடித்தான் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

கம்பெனியிலிருந்து மார்னிக்ஸ் வந்தான், வண்டிகளுக்கு வழியும் நேரமும் போட்டுக் கொடுப்பவன், உன்னைவிடச் சின்னவன். பூங்கொத்து கொண்டுவந்தான். பூ எனக்கு! அதைச் செருகக் கறுப்பு வாளியையும் கூடவே கொண்டுவந்திருக்கலாம். உட்கார்ந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, 'ஒரு நல்ல விஷயம், வண்டி நகரல, ஒங்க ஓய்வுக் கணக்கு சுத்தமா இருக்கு' என்றான். டிரைவர் ஓட்டுகிறாளா, தூங்குகிறாளா என்று பதிகிற பெட்டி ஒன்று வண்டியில் இருக்கிறதல்லவா, ஓய்வென்றால் அதில் சின்னக் கட்டில் படம் வரும். அவர்கள் என்னை அடித்தபோதும் கட்டில் படம், நான் தரையில் கிடந்தபோதும் கட்டில் படம், அந்தக் கணக்குப்படி நான் அன்று மத்தியானம் முழுக்க நிம்மதியாகப் படுத்திருந்தேன். காவலுள்ள நிறுத்தம் எங்கெங்கே இருக்கிறதென்று நாங்கள் எத்தனை முறை சொன்னோம், அங்கே நிறுத்துகிற மாதிரி ஒரு வழியும் அவன் போட்டுக் கொடுத்ததில்லை. அதற்குப் பதிலாக எனக்கு நாற்காலி தருகிறானாம், 'ஆபீஸ்ல உக்காந்து போன் பாருங்க ஆலைடா, டிரைவருங்க ஏன் லேட்டுன்னு கேக்கற வேலை' என்றான். நான் அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன், மரியாதையாகத்தான், ஆனால் பிஸ்கெட் டப்பாவை நான் திறக்கவே இல்லை என்பது அவனுக்குப் புரிந்திருக்கும்.

என்னோடு ஆரம்பத்திலிருந்து ஓட்டுகிற ரூலோஃப் நேற்று வந்தான். அவனும் வேலையை விடப்போகிறானாம், சர்க்கரை ஆலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான். 'எவனும் வெளிய இருந்து தொறக்கக்கூடாதுன்னு சீட் பெல்ட்ட ரெண்டு கதவுக் கைப்பிடியிலயும் கோத்து மாட்டிட்டுதான் படுக்கறேன், தீப்பிடிச்சா நானே வெளிய வர முடியாது, இது ஒரு பொழப்பா?' என்றான். மலைமாதிரி ஆள், சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. ஆலைக்குப் போகும்வரை நீ ஓட்டுகிற வண்டியில் இந்தப் பிளாஸ்க்கை எடுத்துப் போ, அந்த லிதுவேனியாக்காரரைக் கண்டால் கொடு என்றேன். 'பேரு?' தெரியாது. 'கம்பெனி?' தெரியாது. 'அப்ப நான் என்ன, லிதுவேனியா வண்டி ஒவ்வொண்ணாப் போய்த் தட்டணுமா? என்னையும் திருடன்னு நெனச்சி அடிக்கப் போறானுங்க.' ஆமாம், தட்டு என்றேன். யோசித்தான், சிரித்தான், சரி என்றான். புதன்கிழமை வந்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான், தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறேன்.

இப்போது பஸ் விஷயத்துக்கு வருகிறேன். நீயும் அப்பாவும் சேர்ந்து என்னைக் கேட்காமல் என் பெயரை டவுன் பஸ் கம்பெனியில் கொடுத்தீர்களே, அதற்கு உங்கள் இரண்டு பேரையும் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன். சரக்கை ஊருக்கு ஊர் அனுப்புகிற மாதிரி என்னையே அனுப்பப் பார்த்தீர்கள். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் என் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வாசலில் வைத்திருந்தார், அதைப் பார்த்த பிறகு எப்படிப் போகாமல் இருப்பது. வியாழக்கிழமை சோதனை ஓட்டம். பக்கத்தில் யான்டினா என்று ஓர் அம்மாள், பயிற்சி கொடுப்பவர், கறாரான பேர்வழி. நீங்கள் எல்லோரும் பஸ் பத்திரம், பஸ் பத்திரம் என்கிறீர்களே, பஸ் என்றால் என்ன வேலை என்று யாராவது யோசித்தீர்களா? தெரியாத ஆளுக்குக் கதவு திறக்கிற வேலை. நிறுத்தத்துக்கு நிறுத்தம், நாள் முழுக்க. முதல் இரண்டு நிறுத்தத்தில் சமாளித்துவிட்டேன், ஏறினவர்கள் நம் ஊர் வணக்கமாக 'மோய்' என்றார்கள், நானும் 'மோய்' என்றேன். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் கதவை மூடிவிட்டேன், கிளம்பப் போகிறேன், மழையில் ஓர் ஆள் ஓடிவந்து கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

வாயில் இரத்த ருசி வந்தது, பொய்யில்லை. யான்டினா, 'கெளம்புங்க, மூடுன கதவு மூடுனதுதான், அதான் இங்க ரூல்' என்றார். எவ்வளவு வசதியான ரூல் பார், பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும். அந்த ஆளுக்கு என் வயதுதான் இருக்கும், கையில் ஆஸ்பத்திரிப் பை, தலையெல்லாம் நனைந்து, பஸ் போய்விடும் என்று நினைத்துக் கையை இறக்கிவிட்டார். எனக்கு அந்தப் பிளாஸ்க்தான் கண்ணில் நின்றது. பட்டனை அமுக்கினேன். பட்டன் மாறி முதலில் வைப்பர் ஓடியது, அப்புறம் கதவு திறந்தது. அவர் ஏறி, 'ரொம்ப நன்றிம்மா' என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கின பிறகு நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன். அடிபட்ட நாளிலிருந்து அதுதான் முதல் அழுகை. பக்கத்திலிருந்த யான்டினா, 'அந்த ரூல நானும் சில சமயம் மறந்துடுவேன்' என்றார். ஆகவே கறாரான பேர்வழி என்று எழுதியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் முதல் பஸ்தான். நீங்கள் சொன்னீர்கள் என்று போகவில்லை, பயந்துபோய் ஓடவுமில்லை, இதைப் பெரெண்ட் சித்தப்பாவுக்கும் நீயே எழுதிவிடு, நான் சொன்னால் சண்டையாகும். தனியாக ஒரு கேபினில் பூட்டிக்கொண்டு யார் தட்டினாலும் போ போ என்று கத்துகிறவளாக நான் கிழவியாக விரும்பவில்லை. யாராவது தட்டினால் இன்னும் வெகு நாளைக்கு எனக்குத் தூக்கிவாரிப் போடும், அது தெரியும். தூக்கிவாரிப் போட்டாலும் திறக்கிறவளாக இருக்கவேண்டும். மார்னிக்சுக்கு விலகல் கடிதம் அனுப்பியாயிற்று, காவல் நிறுத்தம் பற்றி அதில் எழுதியதைப் படித்தால் அவனுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

நீ உடம்பைப் பார்த்துக்கொள், இரவு வேலைக்குப் போகும்போது ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ, மாப்பிள்ளையோடு சின்னச் சின்ன விஷயத்துக்கு முறைத்துக்கொண்டு இருக்காதே, அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது, நானே சொல்கிறேன். யூரேக்கு நூறு முத்தம். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடி இருக்கவேண்டும், உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் எல்லாம் நல்லவர்களாகவே இருக்கவேண்டும். டிசம்பரில் வரும்போது ஒன்று மட்டும் மறக்காதே. உன்னிடம் நம் வீட்டுச் சாவி இருக்கிறது, எனக்குத் தெரியும், அம்மா பயந்துவிடப்போகிறாள் என்று சத்தமில்லாமல் அதைப் போட்டுத் திறந்து வந்துவிடாதே. கதவைத் தட்டு. நான் வந்து திறக்கிறேன்.

உன் அம்மா,
ஆலைடா